லாச்னி டோலுக்குப் பெயர்க் காரணம் சொன்னவர்

செய்தி வந்தபோது காலை பத்தே கால். வட்டார வானொலியில் பத்தே கால் என்றால் சாவு அறிவிப்பு நேரம். அதற்கு முன்னால் டிராக்டர் டயர் விளம்பரம், அதற்குப் பின்னால் அக்கார்டியன் பாட்டு. நடுவில், வானிலை வாசிக்கிற அதே பெண், வானிலை வாசிக்கிற அதே நிதானத்தோடு வாசித்தாள்: "லாச்னி டோலைச் சேர்ந்த மாக்சிமிலியன் ராவ்னிஹார் நம்மை விட்டுப் பிரிந்தார். அடக்கம் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஊர்க் கல்லறையில்."

வென்செல் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு வானொலிப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது வருஷம் வாழ்ந்த மனிதர், அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர், செத்துப்போன செய்தி அது. அதைக் கேட்டு அவர் உதிர்த்த வார்த்தைகள் இவை:

"யாரு இது, ராஜா வீட்டுப் பேரு மாதிரி இருக்கு?"

அவர் மனைவி யுஸ்தீனா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "மேல காட்டோரமா வீடு கட்டியிருக்கானே ஒரு லுப்லியானாக்காரன், தலைநகரத்து ஆளு. சனிக்கிழமை ஆனா வந்து புல்லு வெட்டுற மிஷினை அலற விடுவானே. அவனா இருக்கும்."

"அவனுக்கு வயசு அறுபதுகூட ஆகலையே."

"ஆமா, அறுபது ஆனாத்தான் விடுவாங்களாக்கும்."

"பாவம்," என்றார் வென்செல். "இனிமே சனிக்கிழமை நிம்மதியாத் தூங்கலாம்." மறுபடி பீன்ஸுக்குத் திரும்பினார்.

இதை வைத்து வென்செலைக் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். லாச்னி டோலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று அரசாங்கத்துக்கும் கல்லறைக் கல்லுக்கும். இன்னொன்று உயிரோடு இருப்பதற்கு. உயிரோடு இருக்கும்போது பயன்படுவது வீட்டின் பெயர். எந்தக் காலத்திலோ போல்டார் என்று ஒருவன் ஒரு வீட்டைக் கட்டினான். அவன் வம்சம் அழிந்து, வீடு நான்கு கை மாறி, யார் யாரோ குடிவந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் போல்டார்தான், வேலிக்கு அந்தப் பக்கத்து மாக்சிமிலியனும் போல்டார்தான். வென்செலின் வீடு யூர்மான் வீடு. அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டால் யுஸ்தீனாவே ஒரு கணம் யோசிப்பாள். கல்யாணத்தன்று அந்தப் பெயர் அவளுக்கும் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

ஆகையால் சாவு அறிவிப்பில் வழக்கமாக 'ஊர் வழக்கில் இன்னார்' என்று ஒரு வால் ஒட்டுவார்கள். அந்த வால்தான் செய்தி. மற்றதெல்லாம் ஜோடனை. இந்த அறிவிப்பைக் கொடுத்தவள் மாரிபோர் நகரத்தில் இருக்கும், இறந்தவருடைய தங்கை மகள். அவளுக்கு அவர் மாக்ஸ் மாமா. வால் விட்டுப்போயிற்று. தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஊர், தன்னுடைய ஆளின் பெயர் வானொலியில் வந்ததும் உதட்டைப் பிதுக்கியது.

ஊர்ச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். லாச்னி டோல் என்றால் பசித்த பள்ளத்தாக்கு. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் யாரும் பிப்ரவரி மாதத்தில் இங்கே இருந்ததில்லை. சூரியன் ஒரு மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தது பிடிக்காதது போல் அடுத்த மலைக்குப் பின்னால் போய்விடும். டர்னிப் கிழங்கு விளையும், மனது வைத்தால் உருளைக்கிழங்கும் விளையும். துறவி மடத்துக்கு வரி கட்டிய காலத்துப் பழைய தாள் ஒன்றில்தான் ஊர் முதன்முதலாகத் தலை காட்டுகிறது: 'பசித்த பள்ளத்திலிருந்து இந்த ஆண்டும் ஒன்றும் வரவில்லை.' விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு விட்டுவிட்டால் ஊர்க் கமிட்டி என்று ஒன்று எதற்கு?

கமிட்டித் தலைவர் லாடிஸ்லாவ், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பசி என்ற சொல் வளர்ச்சிக்கு உகந்ததல்ல என்பது அவர் கட்சி. லாட்ஸ்கோ என்ற பிரபு ஒருவர் இங்கே வேட்டைக்கு வந்தார், அவர் பெயர்தான் திரிந்தது என்று கோயில் செய்தித்தாளில் நான்கு பக்கம் எழுதினார். அப்படி ஒரு பிரபு இருந்ததற்கு ஆதாரம் கேட்டபோது, இல்லாததற்கு ஆதாரம் காட்டச் சொன்னார். ஊரில் ஒருவராலும் காட்ட முடியவில்லை.

போல்டார் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் அதில் பிழைப்பு நடத்தினார். சாலைத் துறையில் வேலை. கோடையில் சாலையோரப் புல் வெட்டுவார், குளிர்காலத்தில் பனி ஒதுக்குவார், ஊர் முகப்பில் நிற்கும் பெயர்ப்பலகையைத் துடைத்து, வேட்டைக்காரர்கள் குறி பார்த்துச் சுட்ட ஓட்டைகளுக்கு வண்ணம் பூசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார், எல்லாமே உருக்கமானவை. கோழிகள் வளர்த்தார். பேரிக்காய்ச் சாராயம் காய்ச்சினார். வேலைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் ஒரே தொப்பி.

சைக்கிளில் வரும் சுற்றுலாக்காரர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நின்று படம் எடுப்பார்கள். பக்கத்தில் போல்டார் புல் வெட்டிக்கொண்டிருப்பார். வெட்டவேண்டிய புல் அந்தப் பலகையைச் சுற்றி மட்டும் வேகமாக வளர்ந்தது, அது இயற்கையின் விந்தை. பெயருக்கு என்ன காரணம் என்று அவர்கள் கேட்பார்கள். போல்டார் மிஷினை அணைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தயங்குவார். அந்தத் தயக்கம்தான் அவர் முதலீடு. ஜெர்மன்காரர்களுக்குத் துறவிகள் கதை. இத்தாலிக்காரர்களுக்கு, சமையல்காரி காதலனோடு ஓடிப்போனதால் ஊரே பட்டினி கிடந்த கதை. லுப்லியானாக்காரர்களுக்குக் கரடி, கரடி என்று சொன்னால் அவர்கள் எதையும் நம்புவார்கள். கதை முடியும்போது எல்லோரும் ஃபானியின் சாப்பாட்டுக் கடையில் இருப்பார்கள், போல்டார் கையில் ஒரு கோப்பை இருக்கும்.

"அந்த ஆளு ஒரு பொய் சொன்னா எனக்கு ரெண்டு சூப் விக்குது," என்பாள் ஃபானி. "உண்மை சொல்ற வாத்தியாரால ஒரு காப்பிகூட விக்கலை."

கதைகளில் தலைசிறந்தது துருக்கிப் படை கதை. அது வேலி மேல் உருவானது. ஒரு மழை நாள், இந்தப் பக்கம் வென்செல், அந்தப் பக்கம் போல்டார், நடுக்கம்பத்தில் சாராயப் புட்டி.

"படை வருதுடா," என்று ஆரம்பித்தார் போல்டார். "அவங்க தளபதி பாஷா குதிரையில உக்காந்து, 'இருக்கிற தீனியெல்லாம் கொண்டாங்க'ங்குறான். ஊரு பூரா தேடுறாங்க. என்ன கொண்டாந்து வைப்பாங்க?"

"டர்னிப்பு."

"சீ, டர்னிப்பைப் பாத்தா எவனுக்குடா கண்ணுல தண்ணி வரும்? பாஷா அழணும்."

வென்செல் யோசித்தார். கதை கட்டுவது அவருக்கு வராது; வாழ்நாளில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். அது அப்போது வந்தது. "ஒரே ஒரு கோழி," என்றார். "கிழட்டுக் கோழி. பாஷா கோழியைப் பாக்குறான். கோழி பாஷாவைப் பாக்குது."

போல்டார் கோப்பையை வைத்துவிட்டு வேலியின் மேல் கையை நீட்டிக் குலுக்கினார். "நீ இனிமே பேசவே வேண்டாம்டா. போதும். வந்த வேலை முடிஞ்சுது."

பாஷா அழுதார். ஒரு மூட்டை மாவை வைத்துவிட்டுப் படையைத் திருப்பினார். பள்ளத்தாக்கு தன் பசியால் உயிர் தப்பியது. பெயர் நிலைத்தது.

சில வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், கேட்டதையெல்லாம் நம்பினாள். அவளுக்குக் கோழிக் கதை கிடைத்தது. அதை அவள் ஆய்வேட்டில் ஏற்றினாள்: 'வாய்மொழி மரபு. தகவல் தந்தவர்: எம். ஆர்.' அந்த ஆய்வேடு எப்படியோ வாத்தியார் கைக்கு வந்தது. அச்சில் வந்தது உண்மையாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே ஓய்வுபெற்றவர் அவர். லாட்ஸ்கோ பிரபுவை ஒரே நாளில் கைவிட்டார். ஓக் மரத்தில் பெரிய பலகை, மூன்று மொழிகளில் கதை, மேலே செதுக்கிய கோழி. ஊர் முகப்பில் நட்டு, நகரத் தலைவரை அழைத்துத் திறப்பு விழா நடத்துவதாகத் திட்டம். அந்த எம். ஆர். யார் என்று பள்ளத்தாக்கு முழுவதும் தேடினார். கிடைக்கவில்லை. தேடியவர் பலகைக்குக் குழி தோண்டப் போல்டாரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு குழி, ஒரே அளவு, ஒரே ஆழம்," என்றார் வாத்தியார். "இது நம்ம பாரம்பரியம். அலட்சியமா இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டேன் வாத்தியாரே," என்றார் போல்டார், தொப்பியைக் கழற்றி. "அந்த எம். ஆர். ரொம்பப் படிச்ச மனுசரா இருப்பாரு போல."

வென்செல் பக்கத்தில் நின்றிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைக் கடந்து போகவேண்டி வந்தது. பிற்பாடு வேலியில் நின்று இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். "நான்தான்டா அந்த எம். ஆர்.," என்றார் போல்டார். வென்செலுக்கு அதுகூடத் தெரியும். அந்த இரண்டு எழுத்தும் எந்தப் பெயரின் எழுத்து என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. போல்டாருக்குப் போல்டார் என்பதற்கு மேல் ஒரு பெயர் எதற்கு?

ஒரு குழி முடிந்தது. இரண்டாவது பாதியில் நிற்கும்போது போல்டாருக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்றார்கள். போல்டார் ஃபானியிடம், கரடியின் முழங்காலை வைக்கப் போகிறார்கள், இனி குளிர்காலம் பூராவும் கரடி மாதிரித் தூக்கம்தான், வேலைக்கு வரமாட்டேன் என்றார். வாத்தியாரிடம், ஊர்ப் பெயர்கள் பற்றி ஆலோசனை சொல்லத் தலைநகரில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். வென்செலிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"கோழிங்களைப் பாத்துக்க. மிச்சக் குழியை வந்து தோண்டிக்கிறேன். நீ அதுல கை வெக்காத, கோணலாக்கிடுவ."

முழங்காலை நன்றாகவே சரிசெய்தார்கள். நின்றுபோனது இதயம், அந்தப் பக்கம் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இப்போது பத்தே காலுக்குத் திரும்பலாம். பீன்ஸ் உரித்து முடிந்ததும் வென்செல் வேலியைத் தாண்டிப் போய்ப் போல்டாரின் கோழிகளுக்குத் தீனி வைத்தார். பிறகு, செத்துப்போன ராஜா யார் என்று விசாரிக்க ஃபானியின் கடைக்கு நடந்தார். அங்கே ஊரில் பாதி அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தது.

"மாரிபோர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, அடக்கம் முடிஞ்சதும் பத்துப் பேருக்குச் சூப் வேணும்னு கேட்டுச்சு," என்றாள் ஃபானி. "ராவ்னிஹார் பேருல. பத்தே பத்து."

"பத்தா? அந்த ஆளுக்கு அவ்வளவு பேரைத் தெரியுமா?" என்றார் வென்செல். கடை சிரித்தது.

தீயணைப்புப் படைத் தலைவன் ஸ்லாவ்கோ கேட்டான்: "படை சார்பா போகணுமா வாத்தியாரே?"

"ஊருக்கு எதுவும் செய்யாத வாரக்கடைசி மனுஷனுக்குக் கொடியும் சீருடையும் எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"போல்டார் வரட்டும்," என்றார் வென்செல், இன்னொரு கோப்பைக்குச் சைகை காட்டியபடி. "இந்த ராஜா எப்படிச் செத்தாருன்னு ஆளுக்கொரு கதை சொல்லுவான்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவைத் திறந்துகொண்டு யுஸ்தீனா வந்தாள். வீட்டுச் செருப்போடு வந்தாள். லாச்னி டோலில் ஒரு பெண் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினால், ஒன்று வீடு எரிய வேண்டும் அல்லது உலகம் முடிய வேண்டும். எல்லோரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

"வென்செல்," என்றாள். "அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் சிலுவை எடுத்துக்கிட்டு முன்னால நடக்கணும்னு மாமா சொல்லியிருக்காராம். எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்குது."

"எந்தப் பக்கத்து வீடு? எந்தச் சிலுவை?"

"நம்ம வீடுய்யா. அது போல்டார். ராவ்னிஹார்ங்கிறது நம்ம போல்டார்."

கடை மறுபடி அவள் செருப்பைப் பார்த்தது. அப்புறம் வாத்தியார் கை தட்டினார்.

"பலே! இந்தத் தடவை யுஸ்தீனாவையும் சேத்துக்கிட்டீங்களா!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. இதற்கும் காரணம் உண்டு. முன்பு ஒரு ஏப்ரல் முதல் தேதி, தீயணைப்பு நிலையத்துக் கதவில் போல்டாரின் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒட்டியவர் வென்செல். வீடு வீடாகப் போய்த் தொப்பியைக் கழற்றிச் சொன்னவரும் அவரே. ஸ்லாவ்கோ சீருடை மாட்டினான். ஃபானி அறுபது பேருக்குச் சூப் வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து அழுதபடி முதல் கரண்டியை எடுத்தபோது போல்டார் உள்ளே வந்து, உப்புக் கம்மி என்றார்.

"இல்லை, இது நிஜம்," என்றார் வென்செல். தன் குரல் அன்றைக்கு இருந்ததைப் போலவே இருப்பது அவர் காதிலேயே விழுந்தது.

"அன்னிக்கும் இப்பிடியேதான் மூஞ்சியை வெச்சிருந்த," என்றாள் ஃபானி. "அன்னிக்கு வெச்ச அறுபது தட்டுச் சூப்புக்கு இன்னும் ஒரு காசு வரலை. போ, போய் அவனையே வந்து சொல்லச் சொல்லு."

சாவு விழுந்தால் ஊருக்குச் சொல்வதும், பெட்டிக்கு முன்னால் சிலுவை எடுத்து நடப்பதும் முதல் பக்கத்து வீட்டுக்காரரின் கடமை. தன்னால் முடியாது என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சொன்னதில்லை. வென்செல் வீட்டுக்குப் போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆகஸ்டு வெயிலில், வீடு வீடாகக் கிளம்பினார். ஒரு வீட்டில் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தபடி சாத்தினார்கள். ஒரு வீட்டில் 'கோட்டு நல்லாருக்கு' என்றார்கள். பரணில் புல் உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன் மேலேயிருந்து, "போல்டாருக்கு என் அனுதாபத்தைச் சொல்லிடுங்க!" என்று கத்தினான். ஸ்லாவ்கோவின் வீட்டு வாசலில் அவர் உண்மையாகவே அழுதார். ஸ்லாவ்கோ ரசித்துப் பார்த்துவிட்டு, "போன தடவையைவிட இப்பத் தேறியிருக்கீங்க," என்றான்.

வென்செல் ஊர் முகப்பில் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். புல் வளர்ந்து கிடந்தது. பெட்டியைச் சுமக்க ஆறு பேர் வேண்டும். தங்கை மகள், அவள் புருஷன், பாதிரியார், தான், யுஸ்தீனா. ஐந்து. அதிலும் பாதிரியார் சுமக்க மாட்டார். கிராமத்தின் எல்லாக் கல்யாணத்திலும் எல்லாச் சாவிலும் நின்ற மனிதர், சாலையிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல்வரை பனியை ஒதுக்கிக் கொடுத்த மனிதர், ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநரும் வெட்டியானும் தூக்கி இறக்கக் குழிக்குள் போகப் போகிறார். ஊர் நிம்மதியாகப் புல் உலர்த்திக்கொண்டிருக்கும். நாளைக்கு எல்லோருக்கும் தெரியவரும். அப்போது மிக நல்லவிதமாக வருத்தப்படுவார்கள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

உண்மையைச் சொல்லி ஆளைக் கூட்டிவரப் போல்டாரால்கூட முடிந்திருக்காது. போல்டார் அதை முயன்றதும் இல்லை.

வென்செல் எழுந்து, கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, ஃபானியின் கடைக்குத் திரும்பிப் போனார். கதவருகில் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தயங்கினார்.

"சரி," என்றார். "மாட்டிக்கிட்டேன்."

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றார் வாத்தியார்.

"உங்களை ஏமாத்த முடியுமா வாத்தியாரே? போல்டார் உயிரோடத்தான் இருக்கான்." அந்த வாக்கியத்தை அவர் நன்றாகவே சொன்னார். சொன்ன கணத்தில் அவருக்கே நெஞ்சு லேசானது. "மூணு மணிக்குக் கல்லறையில பெட்டிக்குள்ள படுத்திருப்பான். பாதிரியார்கூட உடந்தை. வானொலியில வந்த ராஜா பேரும் அவன் கட்டுனதுதான். பெட்டியை இறக்குறப்ப எந்திரிச்சு உக்காந்து, ஒருத்தரும் வரலையேன்னு ஊர் மானத்தை வாங்கப் போறான். பலகை திறக்க நகரத் தலைவர் வர்றாரே, அவருகிட்டயும் சொல்லிச் சிரிப்பான்."

கடை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"நாம எல்லாருமா போயிட்டா?" என்றான் ஸ்லாவ்கோ.

"அதைத்தான் சொல்ல வந்தேன். எல்லாருமாப் போயி நின்னா அவன்தான் அசடு வழியணும். ஆனா ஒண்ணு. சீருடை, கொடி, கறுப்புத் துணி எல்லாம் சரியா இருக்கணும். பெட்டியில ஓட்டை வழியாப் பாப்பான். எவனாவது பல்லைக் காட்டினா உஷாராயிடுவான்."

"நான் கேமரா எடுத்துட்டு வர்றேன்," என்றார் வாத்தியார்.

"கட்டாயம் எடுத்துட்டு வாங்க."

அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு சாவு ஊர்வலம் நடந்ததில்லை. பிஷப்பின் மாமா செத்தபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை. தீயணைப்புப் படை கொடியோடு இரண்டு வரிசையில் வந்தது. ஃபானி கறுப்புக் கோட்டுக்குள் சமையல் ஏப்ரனோடு வந்தாள். பரணில் இருந்தவன் பரணிலிருந்து இறங்கிக் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தான். பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும், பன்னிரண்டு பேர் போட்டி போட்டார்கள். உள்ளே ஆளை வைத்துக் கொஞ்சம் குலுக்க வேண்டும் என்ற ஆசை. சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க நடந்தார்கள். பார்க்க அழுவது போலவே இருந்தது. வென்செல் சிலுவையோடு எல்லோருக்கும் முன்னால் போனார். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, முன்னால் போவதில் அது ஒரு வசதி.

பாதிரியார் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். போல்டாரின் தங்கை மகள் யுஸ்தீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமாவுக்கு இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்று அழுதாள். யுஸ்தீனா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். இந்த முறை சரியான செருப்பு போட்டிருந்தாள்.

ஜெபம் முடிந்தது. பெட்டி கயிற்றில் இறங்கியது. கூட்டம் கழுத்தை நீட்டியது. "இப்போ," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. "இப்போதான்," என்றது இன்னொரு குரல். வாத்தியார் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பாதிரியார் புனித நீரைத் தெளித்தார். தங்கை மகள் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள்.

மரத்தின் மேல் மண் விழும் சத்தம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். ஆனாலும் கூட்டம் காத்திருந்தது. ஸ்லாவ்கோவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. வெட்டியான் மண்வெட்டியை எடுத்தான்.

"போதும்டா போல்டார்," என்றாள் ஃபானி, மெல்ல, குழியைப் பார்த்து. "சூப் சூடா இருக்கு. வெளிய வாடா."

யாரும் வரவில்லை.

ஒவ்வொருவராக வென்செலின் பக்கம் திரும்பினார்கள். அவர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு குழிக்கு அந்தப் பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல, நின்றிருந்தார். அவரைத் திட்ட வாயெடுத்தவர்கள்கூடத் திட்டவில்லை.

வாத்தியார் கேமராவை இறக்கினார். தலைமாட்டில் நடுவதற்காகச் சாய்த்து வைத்திருந்த மரச்சிலுவை அவர் கண்ணில் பட்டது. மாக்சிமிலியன் ராவ்னிஹார். அவர் பலகை படிக்கிற மனிதர், இதையும் முழுவதுமாகப் படித்தார். மறுபடி முதல் எழுத்துகளை மட்டும் படித்தார்: எம். ஆர். வழுக்கைத் தலை மெல்லச் சிவந்தது. கமிட்டித் தலைவர் குழியருகில் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அவர் வாரக்கடைசி மனிதருக்காகவும் எழுதி வரவில்லை, போல்டாருக்காகவும் எழுதி வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டவர்கள் நினைத்தபடி பாரம்பரியம் என்றோ மரபு என்றோ ஆரம்பிக்காமல், "துருக்கிப் படை வந்துச்சு," என்று ஆரம்பித்தார்.

முழுக்கதையையும் சொன்னார். மோசமாகத்தான் சொன்னார், தேவையில்லாத இடத்தில் மலையின் உயரத்தைச் சேர்த்தார். "ஊர் பூரா தேடி ஒரே ஒரு கிழட்டுக் கோழியைக் கொண்டாந்தாங்க. பாஷா கோழியைப் பாத்தான்." அங்கே நிறுத்தி வென்செலைப் பார்த்தார்.

"கோழி பாஷாவைப் பாத்துச்சு," என்றார் வென்செல்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது அழுகையாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு எல்லோரும் ஃபானியின் கடைக்குப் போனார்கள். பத்துப் பேருக்கு வைத்த சூப். வந்தது ஊர் முழுவதும். தட்டுக்கு நாலு சேமியா மிதந்தது. ரொட்டி முதல் மேசையோடு தீர்ந்தது. அடுத்த வாரம் பலகையில் மூன்று மொழிகளில் விளக்கவேண்டிய பெயர்க் காரணத்தை ஊர் அன்றைக்கு ஒரே மாலையில், அதிகச் செலவில்லாமல், விளக்கிக்காட்டியது. ஃபானி கடைசியில் வென்செலின் முன்னால் ஒரு கோப்பை பேரிக்காய்ச் சாராயத்தை வைத்தாள். போல்டார் காய்ச்சியது.

"உப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"கம்மி," என்றார் வென்செல்.

திறப்பு விழா தள்ளிப்போயிற்று. நகரத் தலைவருக்கு வேறு விழாக்கள் இருந்தன. வாத்தியார் வென்செலிடம் வந்து, குழியை முடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் வென்செல். ஒருநாள் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, போல்டாரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் முகப்புவரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். மண்வெட்டியை மறுபடி அதே கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்.

கோழி செதுக்கிய ஓக் பலகை தீயணைப்பு நிலையச் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஊர் முகப்பில் முதல் குழி அளவாக, ஆழமாக, நேராக இருக்கிறது. இரண்டாவது முழங்கால் ஆழம்தான். யாரும் இடறி விழாதபடி, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் போல்டார் அதன் மேல் ஒரு மரத்துண்டைப் போட்டு, காற்றில் நகராமல் ஒரு கல்லை வைத்திருக்கிறார்.